கேள்வி – பதில்: சம்பளம் கூட்டியும் பேராசிரியர்கள் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவராக இருக்கிறேன். போன வருடம் சம்பளத்தை உயர்த்தினோம். அப்படியும் 14 பேரில் 4 பேர் செமஸ்டர் முடிந்ததும் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் ஓசூரிலிருந்து வரும் இளைஞர்கள். என்ன செய்தால் நிற்பார்கள்?

பதில்: போனவர்களின் டைம்டேபிளை முதலில் எடுத்துப் பாருங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை. அதில் நேரடி வகுப்பு 16 மணி. வகுப்புக்குச் சமமாகத் தயாரிப்பு என்று வைத்தாலே 32 போய்விடும். மிச்ச 8 மணிக்குள்தான் விடைத்தாள், மாணவர் ஆலோசனை, ஆராய்ச்சி எல்லாம். யாரோ விலகியதால் 4 மணி வகுப்பு கூடுதலாக வந்தால், தயாரிப்போடு சேர்த்து அந்த எட்டும் காலி. நாக் (கல்லூரி, பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) கேட்கும் கோப்பும், அட்மிஷனுக்காகப் பெற்றோருக்குப் போன் போடும் வேலையும் ராத்திரியிலும் ஞாயிறிலும் போய் விழும். போனவர் பாரத்தை இருப்பவர் தலையில் ஏற்றுவதால்தான் அடுத்தவரும் கிளம்புகிறார்.

புதியவர் பாடு இன்னும் கஷ்டம். முதல்முறை எடுக்கும் பாடத்தில் ஒரு மணி வகுப்புக்கு 3 மணி தயாரிப்பு பிடிக்கும். வாரம் 4 மணி வீதம் மூன்று புதுப் பாடங்கள் என்றால் வகுப்பு 12, தயாரிப்பு 36, ஆக 48. காகிதத்தில் வகுப்பு 16-க்குக் குறைவு, ஆனால் மனிதர் ஒடிந்துபோவார். முதல் செமஸ்டரில் ஒரே பாடத்தை இரண்டு பிரிவுகளுக்குக் கொடுங்கள். முன்பு எடுத்தவரின் நோட்ஸும் பழைய வினாத்தாள்களும் சேரும் நாளன்றே கைக்கு வரட்டும். காலை 8.30-க்கு ஒரு வகுப்பு, மாலை 3.30-க்கு ஒரு வகுப்பு என்று போடாதீர்கள். ஓசூரிலிருந்து வரும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வருபவருக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வு ஓய்வே அல்ல.

நிறுவனம் தன் உழைப்பை மதிக்கிறது, தன் நலனில் அக்கறை காட்டுகிறது என்று ஊழியர் நம்புகிறாரா என்பதை 1986-இல் உளவியல் ஆய்வாளர் ராபர்ட் ஐசன்பெர்கரும் சகாக்களும் அளக்கத் தொடங்கினார்கள். அந்த நம்பிக்கை குறையும் இடத்தில் விலகும் எண்ணம் கூடும். சம்பள உயர்வு எல்லோருக்கும் ஒரே சர்க்குலரில் வருவது. நாக் பொறுப்பு ஏற்றவருக்கு 2 மணி வகுப்பைக் குறைத்து டைம்டேபிளில் எழுதிக் காட்டுவது அவர் உழைப்பைப் பார்த்துச் செய்தது. நிர்வாகம் தயங்கினால், முழுநேர ஆசிரியர்கள் அதே நிறுவனத்தில் சராசரியாக எத்தனை வருடம் பணியாற்றியிருக்கிறார்கள் என்பதும் நாக் கையேட்டில் ஓர் அளவுகோலாக இடம்பெற்றிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பேறுகால விடுப்பு முடிந்து திரும்பும் ஆசிரியைகள் ஆறே மாதத்தில் விலகுகிறார்கள். குழந்தைக் காப்பகம் திறந்தால் போதுமா?

பதில்: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் சட்டப்படியே வேண்டும், தாய் தினம் 4 முறை போய்ப் பார்க்கலாம். இது பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. காப்பகம் 9 மணிக்குத் திறந்து, வகுப்பு 8.30-க்குத் தொடங்கினால் யாருக்கும் பயனில்லை. முதல் பீரியடை அவருக்குப் போடாதீர்கள். நான்கு மணி நேரம் தொடர்ச்சியாக ஆய்வகம் கொடுத்தாலும் அந்த 4 முறை ஏட்டோடு நின்றுவிடும்.

கேள்வி: அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டால் போகமாட்டார்கள் என்கிறது எங்கள் நிர்வாகம். சரியா?

பதில்: தவறு. அது மனிதரை அவமதிப்பது. நல்ல தகுதியுள்ளவர் இதைக் கேள்விப்பட்டால் சேரவே வரமாட்டார். நிறுத்திவைக்க நேர்மையான வழி, அவருக்குச் சேரவேண்டியதை ஒழுங்காகச் சேர்ப்பது. ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று 2009-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிரந்தரப் பணியில் 5 வருடம் முடித்தால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் வரும். 11 மாத ஒப்பந்தம் போட்டு, நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டுப் பணித் தொடர்ச்சியை அறுக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் எதற்கு என்று ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும்.