குழாய ஏன் மூடினாங்க?

கேள்வி:

மேடம், எனக்கு சொந்த ஊர் மதுரை, இப்ப அமெரிக்காவுல இருக்கேன். கல்யாணம் ஆகி 14 வருஷம், வீட்டுக்காரர் யூதர், நானும் முறைப்படி மாறிட்டேன். பொண்ணுக்கு வர்ற ஜனவரி கடைசில பாட் மிட்ஸ்வா, மதக் கடமைய ஏத்துக்குற வயசு வந்துடுச்சுன்னு நடத்துற விழா, பையங்களுக்கு நடத்தினா பார் மிட்ஸ்வா. அன்னிக்கு வாசிக்க செங்கடல் பிளக்குற பகுதியும் தெபொராள் பாட்டும் அவளுக்கு வந்திருக்கு. எங்க சினகாக்ல (யூதக் கோயில்) ரபியே (மதகுரு) ஒரு லேடிதான், பொண்ணுங்க மேடை ஏறி தோரா (யூத வேதம்) வாசிக்கிறது அங்க சாதாரணம். பிரச்சனை என் மாமியார். மாமனார் போனப்புறம் 3 வருஷமா எங்க கூட இருக்காங்க. ப்ரூக்ளின்ல ரொம்ப ஆச்சாரமான வீட்ல வளந்தவங்க, அவங்க அப்பா பையங்களுக்கு பார் மிட்ஸ்வா பாடம் சொல்லிக் குடுத்தவராம். பேத்தி தோரா வாசிக்கிறதுல அவங்களுக்கு இஷ்டம் இல்ல, வாயத் திறந்து சொல்லல, மூஞ்சியே சொல்லுது. ட்யூட்டர் வந்தா கிச்சனுக்குப் போயிடுறாங்க. இவ ப்ராக்டிஸ் பண்றப்ப பாத்திரம் கழுவிக்கிட்டே உதட்ட மட்டும் அசைக்கிறாங்க, கிண்டல் பண்ற மாதிரி இருக்கு. போன வாரம் இவ வாசிச்சிட்டு இருக்கும்போதே டப்புன்னு குழாய மூடிட்டுத் திரும்பிப் பாத்தாங்க, புள்ள பயந்துட்டா. பெண்கள் ரபி ஆகி 50 வருஷத்துக்கு மேல ஆச்சு, இவங்கள எப்படி மாத்துறது? விழா சனிக்கிழமை, யூதர்களுக்கு ஓய்வு நாள்ங்கிறதால அன்னிக்குக் கார்ல ஏற மாட்டாங்க, முட்டி வலி, 2 மைல் நடக்கவும் முடியாது. வராம இருந்தாலே நிம்மதின்னு தோணுது. அப்படி நினைக்கிறது தப்பா?

பதில்:

தப்புதாம்மா.

மாமியார எப்படி மாத்துறதுன்னு கேட்டு எனக்கு லெட்டர் வராத மாசமே கிடையாது. ஊர் மாறும், சாமி மாறும், சீரியல் கூட மாறும், இந்தக் கேள்வி மட்டும் மாறாது. பெரியவங்க அப்படித்தான் இருப்பாங்க, நீங்க மனச விடாதீங்கன்னு நான் சொல்வேன்னு எதிர்பாத்திருப்பீங்க. சொல்லப் போறதில்ல. உங்க லெட்டர்ல எனக்கு ஒரே ஒரு வரிதான் கண்ணுல பட்டுச்சு, நீங்க போற போக்குல எழுதிட்டுப் போன வரி. குழாய மூடினாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அது.

அந்த நிமிஷம் உங்க பொண்ணு எந்த வார்த்தையில இருந்தா? பாத்தீங்களா? புள்ள பயந்துட்டான்னு தெரிஞ்ச உங்களுக்கு, புள்ள என்ன வாசிச்சான்னு தெரியல.

தோரா சுருள் எப்படி இருக்கும்னு நீங்க பாத்திருப்பீங்க, இருந்தாலும் மத்தவங்களுக்காக சொல்றேன். அதுல உயிர்க்குறி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, ராகக் குறியும் கிடையாது. நம்ம தமிழ்ல துணைக்கால், மேல்சுழி மாதிரி குறியெல்லாம் எடுத்துட்டு படம், பாடம், பீடம் மூணையும் ஒரே மாதிரி எழுதி வெச்சா எப்படி இருக்கும், அப்படி. எந்த வார்த்தைய எப்படி உச்சரிக்கணும், எங்க நிறுத்தணும், எங்க இழுக்கணும், எல்லாம் வாசிக்கிறவங்க முன்னாடியே மனசுல ஏத்திக்கிட்டு வரணும். அதனாலதான் பக்கத்துல நிக்கிறவங்க புத்தகத்த வெச்சு ஒவ்வொரு வார்த்தையா தொடந்துக்கிட்டே இருப்பாங்க. அர்த்தம் மாறுற மாதிரி ஒரு வார்த்தை தப்பாப் போச்சுன்னா அங்கேயே சத்தமா திருத்திடுவாங்க, வாசிக்கிறவங்க திரும்பப் போய் சரியா வாசிச்சிட்டுத்தான் மேல போகணும். அங்க யாரும் அத அவமானமா எடுத்துக்கிறதில்ல, திருத்தாம விட்டாத்தான் தப்பு.

இப்ப சொல்லுங்க. பாத்திரம் கழுவிட்டு இருந்தவங்க டப்புன்னு குழாய மூடிட்டுத் திரும்பிப் பாத்தாங்க. தண்ணி சத்தம் இல்லாம நல்லாக் கேட்டுப் பாக்கணும்னு மூடினாங்க. பந்தயம் கட்டுறேன், உங்க பொண்ணு அங்க ஒரு வார்த்தைய விட்டிருக்கா, இல்ல ராகத்த மாத்திப் போட்டிருக்கா. அவளுக்கு வந்திருக்கிற பகுதில செங்கடல் பாட்டு இருக்கு, அங்க சில வரிக்கு மட்டும் வழக்கமான ராகம் மாறி தனி ராகம் வரும், புதுசா படிக்கிற புள்ளைங்க வழுக்குற இடம் அது. மேடையில நிக்கிற ஆளா இருந்தா வாயால திருத்தியிருப்பாங்க. மேடை நமக்குக் கிடையாதுன்னு சின்ன வயசுல இருந்து பழகின பொம்பள, என்ன பண்ணுவாங்க, குழாய மூடினாங்க.

அவங்க அப்பா பையங்களுக்கு சொல்லிக் குடுத்தவர்னு நீங்களே எழுதியிருக்கீங்க, எழுதிட்டு அடுத்த வரிக்குத் தாவிட்டீங்க. கொஞ்சம் நில்லுங்க அங்க. பாடம் பெரும்பாலும் வீட்டு டைனிங் டேபிள்லதான் நடந்திருக்கும். ஒவ்வொரு பையனும் தனக்கு வந்த ஒரு பகுதிய மாசக்கணக்கா உருப்போட்டுட்டு, 13 வயசுல மேடை ஏறிட்டுப் போயிடுவான், அத்தோட அவன் பாடம் முடிஞ்சுது. அடுத்த பையன் வேற பகுதியோட வருவான். பக்கத்து ரூம்ல துணி மடிச்சிட்டு இருந்த பொண்ணுக்கு? அவளுக்கு எல்லாப் பையனோட பகுதியும் காதுல விழுந்திருக்கும், அப்பா அதட்டின இடம், திருப்பி சொல்ல வெச்ச இடம் உட்பட. ஒருத்தர் கூட அவளக் கூப்பிட்டு ஒரு வரி சொல்லுன்னு கேட்டிருக்க மாட்டாங்க. அப்படிப்பட்ட ஒரு ஆள் உங்க கிச்சன்ல நிக்கிறாங்க, நீங்க வெளிய இருந்து ட்யூட்டர வரவழைச்சு மணிக்கணக்குக்கு டாலர் குடுத்துட்டு இருக்கீங்க.

எங்க அத்தை ஒருத்தங்க, நாயனம் வாசிக்கிற குடும்பம், பையங்களுக்குத்தான் பாடம், அத்தைக்கு அத்தனை கீர்த்தனையும் தெரியும்னு அவங்க போனப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். அத விடுங்க.

உதடு மட்டும் அசையுது, கிண்டலா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இதப் படிச்சப்ப எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. அன்னாள் கதை உங்களுக்குத் தெரியும்தானே, யூத வருஷப் பிறப்போட முதல் நாள் சினகாக்ல வாசிக்கிறதே அந்தக் கதைதான். குழந்தை இல்லாத பொம்பள கோயில்ல நின்னு வேண்டிக்கிறா, உதடு மட்டும் அசையுது, சத்தம் வரல. ஏலி பெரிய ஆசாரியர், தினமும் பிரார்த்தனையப் பாக்குற மனுஷன், அவரே இவ குடிச்சிருக்கான்னு நினைச்சு அதட்டுறார். கடைசில என்ன ஆச்சு? பிரார்த்தனைய எப்படி செய்யணும்னு தால்முட்ல, அதாவது ரபிகளோட பழைய சட்ட விவாத நூல்ல, வர்ற சட்டங்கள்ல பலதும் அந்த அன்னாள்கிட்ட இருந்து எடுத்ததுதான். உதடு அசையணும், சத்தம் வெளிய கேக்கக் கூடாதுங்கிறது உட்பட. ரபிகளுக்கே பிரார்த்தனை சொல்லிக் குடுத்தது வாயத் திறக்காத ஒரு பொம்பள. நீங்க இப்ப ஏலி உக்காந்த இடத்துல உக்காந்திருக்கீங்க, அதுவும் டைனிங் டேபிள் சேர்ல.

அடுத்து அந்த 50 வருஷக் கணக்கு. 1972ல சாலி ப்ரீசண்ட் அமெரிக்காவுல ரபி ஆனத சொல்றீங்க, சரி. அதுக்கு 37 வருஷம் முன்னாடியே, 1935 டிசம்பர்ல, பெர்லின்ல பிறந்த ரெகினா யோனாஸ் ஜெர்மனில ரபி ஆயாச்சு. பெண் ரபி ஆகலாமான்னு மத நூல்கள வெச்சே ஆராய்ச்சி எழுதி, ஆகலாம்னு முடிச்சவங்க. நாஜிகள் 1942ல தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டு போனாங்க, அங்கயும் பிரசங்கம் பண்ணி, வந்து இறங்குற ஜனங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டு இருந்தாங்க, 1944ல ஆஷ்விட்ஸ்ல கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு ஆத்திரமே வருது. அந்த முகாம்ல அவங்க கூட இருந்து உயிர் தப்பினதுல பேரும் புகழுமா வாழ்ந்தவங்க உண்டு, அவங்க யோனாஸப் பத்தி பேசினதே இல்லன்னு சொல்லலாம். யோனாஸோட பேப்பர் எல்லாம் கிழக்கு பெர்லின்ல ஒரு ஆவணக் காப்பகத்துல கிடந்து, சுவர் விழுந்தப்புறம் 1991லதான் ஒரு ஆராய்ச்சியாளர் கண்ணுல பட்டுச்சு. கூட இருந்தவங்க வாயத் திறக்கலன்னா இப்படித்தான், முதல் ஆளே கணக்குல இருந்து காணாமப் போயிடுவாங்க. உங்க வீட்டுக் கணக்குல யாரு விட்டுப் போயிருக்கான்னு நான் சொல்லணுமா?

உங்க மாமியாருக்கு நிஜமாவே இதுல இஷ்டம் இல்லாம இருக்கலாம், அதையும் சொல்லிடுறேன். அவங்க வளந்த வீட்ல சபை நடுவுல பெண் தோரா வாசிக்கிற பழக்கம் கிடையாது. தால்முட்ல ஒரு வேடிக்கை பாருங்க, சனிக்கிழமை வாசிப்புக்குக் கூப்பிடுற ஏழு பேர்ல பெண்ணும் ஒருத்தியா இருக்கலாம்னு முதல்ல சொல்லிட்டு, சபையோட மரியாதைக்காக அவ வாசிக்க வேண்டாம்னு அடுத்த வரில சொல்லுது. அவளுக்கு வராது, தெரியாதுன்னு சொல்லல, சபைக்குக் கௌரவக் குறைச்சல்னு சொல்லுது. அந்த ரெண்டாவது வரியில வளந்தவங்க அவங்க. 1922ல நியூயார்க்ல ஜூடித் கேப்லன்னு 12 வயசுப் பொண்ணுக்கு பாட் மிட்ஸ்வா நடந்துச்சு, அமெரிக்காவோட முதல் பாட் மிட்ஸ்வான்னு எல்லாரும் சொல்றது அதத்தான், அவங்க அப்பாவே ரபி, அவர்தான் ஏற்பாடு பண்ணினார், ரெண்டு பாட்டிக்கும் பிடிக்கல. அந்தப் பொண்ணு சுருள்ல இருந்து கூட வாசிக்கல, மேடைக்குக் கீழ நின்னு அச்சடிச்ச புத்தகத்துல இருந்துதான் வாசிச்சா, அதுக்கே பாட்டிங்களுக்கு ஆகல. பேத்தி மேடை ஏறுறது பிடிக்காது, ஏறினா ஒரு வார்த்தை தப்பாப் போறதும் பொறுக்காது. ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்க முடியாதா? எங்க பாட்டி சாதி விட்டு நடந்த கல்யாணத்துக்கு மூணு மாசம் பேசாம இருந்துட்டு, முகூர்த்தத்துக்குப் பூ கட்டுறவ சரியாக் கட்டலன்னு பிடுங்கி அவங்களே கட்டினாங்க.

17ஆம் நூற்றாண்டுல, இப்ப ஈராக்ல இருக்கிற மொசூல்ல, அஸ்நாத் பர்சானின்னு ஒரு அம்மா, ஆம்பளைங்க படிக்கிற யெஷிவாவையே, அதாவது மதப் பள்ளிக்கூடத்தையே, நடத்தினாங்க. அப்பா பெரிய ரபி, பையன் கிடையாது, பொண்ணுக்கே எல்லாம் சொல்லிக் குடுத்தார். கட்டிக் குடுக்கும்போது மாப்பிள்ளைகிட்ட ஒரு சத்தியம் வாங்கினார், என் பொண்ண வீட்டு வேலை செய்ய விடக் கூடாது, அவ படிக்கணும்னு. மாப்பிள்ளையும் காப்பாத்தினார். அவர் தன் படிப்புல மூழ்கிடுவாராம், மாணவங்களுக்கு சொல்லிக் குடுத்தது அந்த அம்மாதான். உங்க வீட்லயும் விஷயம் தெரிஞ்ச பொம்பள ஒருத்தங்க இருக்காங்க, பாடம் நடக்குற நேரத்துல அவங்க பாத்திரம் கழுவுறாங்க, நீங்க அத எழுதும்போது உங்களுக்கு ஒண்ணும் உறுத்தல. டிஷ்வாஷர் இல்லையா வீட்ல?

பொண்ணு மேடை ஏறணும், பாட்டி வீட்லயே இருக்கணும். இதுதான் உங்க பெண்கள் முன்னேற்றமா? தெபொராள் பாட்டு வாசிக்கப் போறா உங்க பொண்ணு. அந்த அம்மா தீர்க்கதரிசி, நியாயாதிபதி, பேரீச்சை மரத்தடில உக்காந்து ஊருக்கே தீர்ப்பு சொன்னவங்க, பாட்டுல தனக்குப் பட்டம் குடுத்துக்கும்போது என்ன குடுத்துக்குறாங்க தெரியுமா? இஸ்ரவேல்ல ஒரு தாயா எழும்பினேன்னு. அந்த வரிய உங்க பொண்ணு சபை முன்னாடி இழுத்துப் பாடுற நேரம், உங்க வீட்டுக்காரரப் பெத்த தாய் 2 மைல் தள்ளி காலி வீட்ல தனியா உக்காந்திருப்பாங்க. நினைச்சுப் பாத்தீங்களா? உங்க வீட்டுக்காரர் இதப் பத்தி என்ன சொல்றார்னு லெட்டர்ல ஒரு வரி இல்ல. அவரையும் ஒரு நாள் தனியா வெச்சுக் கேக்கணும் நான்.

நீங்க போய் மன்னிப்பு கின்னிப்பு கேக்க வேண்டாம், அது நாடகமாயிடும். உங்க பொண்ணு போகட்டும். அவகிட்ட ஒரு பக்கம் குறியோட, மறு பக்கம் சுருள்ல இருக்கிற மாதிரி அச்சடிச்ச பயிற்சிப் புத்தகம் இருக்கும், அத எடுத்துக்கிட்டு கிச்சனுக்குள்ள போய், பாட்டி, அன்னிக்கு நான் எங்க விட்டேன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும். நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க, வாசல்ல நின்னு வீடியோ எடுக்காதீங்க. தெரியாதுன்னு சொன்னா விட்டுட்டு, அடுத்த வாரம் வேற ஒரு வார்த்தைக்குக் கேக்கட்டும். கை ஈரத்தத் துடைச்சுட்டு உக்காந்தாங்கன்னா பாத்திரத்த நீங்க கழுவுங்க. திருத்துறப்ப குரல் கொஞ்சம் உயரும், அவங்க அப்பா குரல் அது, புள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க.

அவங்களயும் மேடை ஏத்திடலாம்னு ஆசைப்படாதீங்க. ஆணும் பெண்ணும் சேந்து உக்கார்ற ஹால்ல அவங்க உக்கார மாட்டேன்னு சொல்லலாம், கதவுக்கு வெளிய நின்னு கேக்குறேன்னு சொல்லலாம். கேக்கட்டும், காதுல விழுற தூரத்துல ஒரு நல்ல சேர் போட்டு வைங்க.

அங்க வந்து சேர்றதுதான் கஷ்டம்னா, அதுக்கு வழி இல்லாமலா இருக்கு? சினகாக்குக்குக் கிட்டத்துல, அவங்க மெதுவா நடக்குற தூரத்துல, வெள்ளிக்கிழமை ஒரு ராத்திரிக்கு ரூம் எடுங்க. சூரியன் இறங்குறதுக்கு முன்னாடி கொண்டு போய் விட்டுடுங்க, சாப்பாடு வீட்ல இருந்து கட்டிக் குடுங்க, துணைக்கு அவங்க மகன் படுத்துக்கட்டும். புக் பண்றப்ப கீழ் தளமாக் கேளுங்க, ஓய்வு நாள்ல மின்சாரத்த இயக்கக் கூடாதுங்கிறதால லிஃப்ட் பட்டன அமுக்க மாட்டாங்க. கதவுக்கு கார்டு தேய்க்கிற பூட்டு இருக்கக் கூடாது, சாவி போட்டுத் திறக்குற ரூமா பாருங்க.