நல்ல காய்ச்சல்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் தெற்கே, அலபாமாவில் என்டர்பிரைஸ் என்ற சிற்றூருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. இந்த அக்டோபரில் ஒரு வாரமாக இதமான வானிலை. மழை இல்லை, குளிர் இல்லை, புழுக்கமும் இல்லை. எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. வடக்கே இருக்கும் நண்பர்கள் சிவந்த மேப்பிள் மரங்களைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். இங்கே பைன் மரங்கள் பச்சையாகவே நிற்கின்றன. வயல்களிலிருந்து வரும் தூசிதான் ஒரே தொல்லை. இந்தப் பருவத்தைக் ‘கூதிர்’ என்று எழுதலாமா?

க.

அன்புள்ள க.,

மேப்பிளை விடுங்கள். காலண்டர் படம் வேண்டுமென்றால் காலண்டர் வாங்கிக்கொள்ளலாம். கூதிரும் வேண்டாம். அது மழையும் வாடையும் சேர்ந்து எலும்பைத் துளைக்கும் காலம். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் குரங்கே குளிரில் ஒடுங்கிக் கிடக்கிறது. நீங்களோ சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நடக்கிறீர்கள்.

எனக்குக் கோபம் ‘இதமான’ என்ற சொல்மேல்தான். யாருக்கு இதம்? வானிலை அறிக்கை வாசிப்பவர் சொல்லிவிட்டுப் போகலாம், எழுத வந்தவர் சொல்லலாமா? ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அந்தத் தூசிக்குள்தான் உங்கள் வாரம் முழுவதும் இருக்கிறது. அது கடலைத் தூசி ஐயா! உங்கள் ஊர் நடுத்தெருவில் ஒரு பெண் சிலை, தலைக்குமேல் ஒரு பூச்சியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறதே, பார்த்தீர்களா? பருத்தியைத் தின்று தீர்த்த கூன்வண்டுக்கு நன்றி சொல்லி 1919இல் வைத்தது. (வண்டை அவள் கையில் ஏற்றியது 1949இல்தான். அதுவரை வண்டில்லாத வண்டுச்சிலை.) பருத்தி போன இடத்தில் வந்தது நிலக்கடலை.

இப்போது அங்கே இயந்திரம் கொடியை வேரோடு கெல்லி, மண்ணை உதறி, காய் வானம் பார்க்கக் கவிழ்த்துப் போட்டிருக்கும். சில நாள் அப்படியே கிடந்து காய வேண்டும். பிறகுதான் இன்னொரு இயந்திரம் வந்து காயைப் பிரிக்கும். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் பூஞ்சணம் ஏறும், காம்பு அழுகிக் காய் மண்ணோடு போகும்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் கடையில் வாங்கிய கடலை நமுத்துப்போயிருக்க, இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வாரத்துக்கு ஒரு சொல் உண்டு: காய்ச்சல். ‘நல்ல காய்ச்சல்’ என்று அம்மா சொன்னால் வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, கடலை காய்கிறது என்று அர்த்தம்.

ஒரு காயை எடுத்து என் காதருகே குலுக்குவாள். பருப்பு ஓட்டில் கலகலவென்று தட்ட வேண்டும். அவளுக்கு அப்போதே காது மந்தம்; என் காதை நம்பித்தான் மூட்டை கட்டுவாள். ஒரு வருடம், “கேட்கிறதா?” என்றாள். கேட்கவில்லை. தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். “கேட்கிறது” என்றேன். மண்டியில் வியாபாரி ஒரு காயை உடைத்து, பருப்பை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, மூட்டைக்கு இவ்வளவுதான் என்று விலையைக் குறைத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, “உனக்கும் காது போய்விட்டதா?” என்று மட்டும் கேட்டாள்.

நாளைக் காலை அந்த வயலோரம் போய் நில்லுங்கள், தம்பி. உரியவரிடம் கேட்டுவிட்டு ஒரு காயைப் பறித்துக் குலுக்கிப் பாருங்கள். வரும் வழியில் சாலையோரம் வேகவைத்த கடலை விற்பார்கள், பச்சைக் காயை நம் ஊரில் போலவே தோலோடு உப்புநீரில் போட்டு. வாங்கித் தின்னுங்கள். நான் அந்தப் பக்கம் வந்தபோது உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.