7 வயதுப் பையனோடு சேர்ந்து விளையாட லெகோ இண்டியானா ஜோன்ஸ் கேம் சரியாக இருக்குமா?

தாராளமாக வாங்குங்கள். நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: படம் பார்க்காத குழந்தைக்குக் கதை புரியுமா, சண்டை அதிகமாக இருக்குமா, கேமே ஆடிப் பழகாத அப்பா அம்மா கூட உட்கார்ந்து ஆட முடியுமா. என் மகனுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு முழுப் பரீட்சை லீவும் இருவரும் இதைத்தான் ஆடினோம். அதற்கு முன்னால் நான் கன்ட்ரோலரைக் கையில் பிடித்தது கூடக் கிடையாது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் எந்த கேம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன. நான் சொல்வது 2008 ஜூனில் வந்த முதல் கேம். இங்கிலாந்தின் ட்ராவலர்ஸ் டேல்ஸ் உருவாக்கியது, லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்டது. இதே ட்ராவலர்ஸ் டேல்ஸ்தான் 2005-ல் லெகோ ஸ்டார் வார்ஸைச் செய்து, படத்தைப் பொம்மைக் கட்டைகளால் திரும்பச் சொல்லும் இந்த வகையையே பிரபலமாக்கியது. இண்டியானா ஜோன்ஸ் என்பவர் பழங்காலப் பொக்கிஷங்களைத் தேடி அலையும் தொல்லியல் பேராசிரியர், சுருக்கமாக இண்டி. 1981, 1984, 1989-ல் வந்த அவருடைய மூன்று படங்களின் கதையும் இதில் இருக்கிறது. படத்துக்கு ஆறு லெவல், ஆக மொத்தம் பதினெட்டு. 2009-ல் வந்த இரண்டாவது கேமில் 2008-ல் வந்த நான்காவது படமும் சேர்ந்திருக்கிறது, சொந்தமாக லெவல் கட்டும் வசதியும் உண்டு. ஆனாலும் முதல் கேமிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

படம் பார்க்காவிட்டால் ஒரு குறையும் இல்லை. இதில் யாரும் வசனம் பேசுவதில்லை. சின்னச் சின்ன லெகோ முகங்கள் புருவத்தைத் தூக்கி, தோளைக் குலுக்கி, "ம்ம்?", "ஆ!" என்று முனகியே மொத்தக் கதையையும் சொல்லிவிடுகின்றன. ஊமை நாடகம் மாதிரி. ட்ராவலர்ஸ் டேல்ஸின் இந்த வகை லெகோ கேம்களில் பாத்திரங்கள் வாய் திறந்து பேச ஆரம்பித்தது 2012-ல்தான். பேச்சு இல்லாதது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய வரம் என்று நினைக்கிறேன். என் மகனுக்கு அப்போது ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வேறு கேம்களில் திரையில் ஓடும் வாக்கியங்களைப் படிப்பதற்குள் காட்சி மாறிவிடும், "அம்மா, என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். இதில் அவன் எனக்குக் கதை சொன்னான்.

இந்த கேமை நான் இவ்வளவு பரிந்து பேசக் காரணம் இன்னொன்று. இங்கே தோற்றால் பெரிதாக எதுவும் பறிபோவதில்லை. ஒவ்வொருவருக்கும் நான்கு இதயம். நான்கும் போனால் பொம்மை படாரென்று கட்டை கட்டையாகச் சிதறும், சேர்த்துவைத்த காசு கொஞ்சம் கீழே கொட்டும், அடுத்த நொடி அதே இடத்தில் மறுபடி எழுந்து நிற்கலாம். ஓடிப்போய்க் கொட்டிய காசைப் பொறுக்கிக்கொள்ளவும் செய்யலாம். "ஆட்டம் முடிந்தது, முதலிலிருந்து வா" என்ற பேச்சே கிடையாது. என் மகன் தோல்வியைத் தாங்க மாட்டாத பிள்ளை. கேரம் போர்டில் சிவப்புக் காய் போகவில்லை என்றால் கூடப் பலகையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். முதல் லெவலில் ஒரு பெரிய பாறை பின்னால் உருண்டு வரும், அதற்கு முன்னால் ஓட வேண்டும். முதல் தடவை அது அவனை நசுக்கியபோது கன்ட்ரோலரை எறியப்போகிறான் என்றுதான் நினைத்தேன். கட்டைகள் சிதறி மறுபடி ஒன்றுசேர்ந்ததைப் பார்த்தான், ஒரு நொடி யோசித்தான், அப்புறம் திரும்ப ஓடினான். ஆறேழு தடவை நசுங்கியிருப்பான். ஒரு தடவை கூட அழவில்லை.

சேர்ந்து ஆடுவது என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக ஆடுவது இல்லை. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் நகர முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். இண்டியிடம் சாட்டை இருக்கிறது: அதை வீசிப் பள்ளத்தைத் தாண்டலாம், தூரத்து நெம்புகோலை இழுக்கலாம், எதிரி கையிலுள்ள துப்பாக்கியைப் பிடுங்கலாம். ஷார்ட் ரவுண்ட் என்ற சின்னப் பையன் சின்னத் துவாரங்களுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருவான். பாடகி வில்லி வீலென்று கத்தினால் கண்ணாடி நொறுங்கும். சுவரில் செதுக்கிய பழைய எழுத்துகளை வாசிக்கப் படித்தவர் ஒருவர் வேண்டும். மண்ணைத் தோண்ட மண்வெட்டி, பழுதான இயந்திரத்தைச் சரிசெய்ய ஸ்பேனர். குரங்கிடம் ஒரு பொருள் மாட்டிக்கொண்டிருந்தால் வாழைப்பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்க வேண்டும். இந்த வாழைப்பழ விஷயத்தை நாங்கள் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. "குரங்குக்கு என்னம்மா வேணும்? பழம்தானே" என்று அவன்தான் போய் எடுத்துவந்தான்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் படத்தின் நான்காவது லெவல் ஆன்மாக்களின் கிணறு. தரையெல்லாம் பாம்பு. இண்டிக்குப் பாம்பென்றால் உயிர் நடுங்கும், படத்திலும் அப்படித்தான். கேமில் அதை எப்படிக் காட்டுகிறார்கள் என்றால், பாம்புக்குப் பக்கத்தில் போனதும் இண்டி அப்படியே வெடவெடவென்று நடுங்குவார், உருப்படியாக ஒரு வேலையும் செய்ய முடியாது. கூட வருபவருக்கு அந்தப் பயம் இல்லை. அன்றைக்கு இண்டி நான். என் ஆள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு மகன் சொன்னான்: "நீ இங்கேயே நில்லும்மா. நான் போய் நெருப்பு எடுத்துட்டு வரேன்." போனான். ஒரு தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நடந்தான், பாம்புகள் விலகின. "இப்ப வா, என் பின்னாலேயே வா" என்றான். தெருநாய் குரைத்தால் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பிள்ளை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சண்டை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். குத்து உண்டு, வாள் உண்டு, துப்பாக்கியும் உண்டு. அடிபட்டவர்கள் கட்டைகளாக உதிர்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான். ரத்தம் கிடையாது. படத்தில் வருகிற நாஜிகளை அந்த அடையாளம் எதுவும் இல்லாமல் பொதுவான எதிரிப் படைவீரர்களாக மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்குப் பத்து வயதும் அதற்கு மேலும் என்று முத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஏழு வயதுக்கு நான் கொடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொடுத்தேன். தனியாக விட்டிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் பெரிய ஆட்சேபம் சண்டைக்கு வரவில்லை, உடைப்பதற்குத்தான் வந்தது. இதில் நாற்காலி, செடி, விளக்கு என்று கண்ணில் படுவதையெல்லாம் உடைத்தால் காசு கொட்டும். வெள்ளிக் காசு பத்து, தங்கம் நூறு, நீலம் ஆயிரம். என் மாமியார் பார்த்துவிட்டு, "ஏன்டா இப்படி எல்லாத்தையும் போட்டு உடைக்கிற?" என்றார். அவன் உடைந்து கீழே துள்ளிக்கொண்டிருந்த கட்டைகளைக் காட்டி, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தான். அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரு ஏணியாக நின்றன. "உடைச்சாத்தான் பாட்டி கட்ட முடியும்." மாமியார் அதன்பிறகு தினமும் சாயங்காலம் காபியோடு வந்து உட்கார ஆரம்பித்தார்.

அவர் உட்கார்ந்திருந்தபோதுதான் இரண்டாவது படத்தின் லெவல்கள் வந்தன. இதை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1984 படத்தின் கதை 1935-ல், இந்தியாவில் பங்கோட் என்ற கற்பனை அரண்மனையில் நடக்கிறது. அதில் காளியை நரபலி கேட்கும் தெய்வமாகக் காட்டுகிறார்கள். அரண்மனை விருந்தில் வண்டும் குரங்கு மூளையும் பரிமாறுகிறார்கள். திரைக்கதையைப் பார்த்த இந்திய அரசு மாற்றங்கள் கேட்டது, இங்கே படமெடுக்க வழியில்லாமல் போய், படக்குழு இலங்கைக்குச் சென்று கண்டிப் பகுதியில் எடுத்தது. கடைசியில் அறுந்து விழும் அந்தத் தொங்குபாலத்தை அங்கேதான் கட்டினார்கள். இந்தியாவில் படத்துக்குக் கொஞ்ச காலம் தடையும் இருந்தது. வில்லன் மோலா ராமாக நடித்தவர் அம்ரீஷ் புரி. கேமில் இதெல்லாம் எவ்வளவோ மென்மையாகிவிட்டது. ஆனால் காளி கோயில் என்றே ஒரு லெவல் இருக்கிறது, சிலையும் இருக்கிறது.

மாமியார் திரையைப் பார்த்து, "இது நம்ம காளியா?" என்று கேட்டார். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கேமை நிறுத்தினேன். எங்கள் தெரு முனையிலேயே காளியம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் அங்கே கூழ் வாங்கிக் குடித்து வளர்ந்த பையன் அவன். "நம்ம அம்மனைப் பத்தித் தெரியாதவங்க தூரத்துல இருந்துகிட்டு ஒரு கதை எழுதியிருக்காங்க, அது தப்பு" என்று நான் சொன்னேன். மாமியார் தான் சின்ன வயதில் அம்மை கண்டு கிடந்தபோது தன் அம்மா காளிக்கு வேண்டிக்கொண்டதைச் சொன்னார். கால்மணி நேரம் அந்தப் பேச்சுதான். அப்புறம் அவனே, "அப்ப இந்த ஆளுங்க அம்மன் பேரைச் சொல்லி ஏமாத்துறவங்க, அவங்ககிட்ட இருந்து பசங்களைக் காப்பாத்தணும்" என்று முடிவுசெய்து ஆட்டத்தைத் தொடர்ந்தான். அடுத்த லெவலே சுரங்கத்தில் அடிமையாக வேலைசெய்யும் குழந்தைகளை விடுவிப்பதுதான். நீங்களும் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடாதீர்கள், நிறுத்திப் பேசுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. இருவருக்கும் ஒரே திரை, ஒரே காட்சி. ஒருவர் முன்னால் ஓடினால் மற்றவரை அது இழுக்கும், பள்ளத்தில் விழவைக்கும். இரண்டாவது கேமில் திரையைத் தேவைப்படும்போது இரண்டாகப் பிரித்து இதைச் சரிசெய்தார்கள். இதில் "இரு, நானும் வரேன்" என்று வாயால் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். கூட்டாளியையே அடித்து உடைக்கவும் முடியும். முதல் இரண்டு நாள் என்னை உடைத்துச் சிரிப்பதே அவனுக்கு வேலையாக இருந்தது. வேண்டுமென்று அடித்தால் அன்றைக்கு ஆட்டம் நிற்கும் என்று ஒரு விதி போட்டேன், சரியானது. இன்னொன்று, லெவலின் நடுவில் நிறுத்தினால் அந்த லெவலை அடுத்த முறை ஆரம்பத்திலிருந்து ஆட வேண்டும். எங்களுக்கு ஒரு லெவலுக்கு அரைமணி, முக்கால் மணி ஆனது. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது புது லெவலைத் தொடங்கவிடாதீர்கள். தொடங்கிவிட்டால் இட்லி ஆறிப்போகும்.

பதினெட்டும் முடிந்ததோடு தீர்ந்துவிடாது. ஒவ்வொரு லெவலிலும் பத்துப் புதையல் துண்டுகளும் ஒரு பார்சலும் ஒளிந்திருக்கும். முதல் தடவை எல்லாவற்றையும் எடுக்க முடியாது, அதற்கான திறமையுள்ள ஆள் அப்போது கூட இருக்க மாட்டார். திரும்ப வந்து விருப்பமான பாத்திரங்களை மாற்றி மாற்றி ஆடலாம். கிடைத்த புதையல்களை, லெவல்களுக்கு நடுவில் வந்து போகும் இடமான பார்னெட் கல்லூரியில் போய்ப் பார்க்கலாம். மகனுக்குக் கதையைவிட இந்தத் தேடல்தான் அதிகம் பிடித்தது.

வாங்குவதும் சிரமமில்லை. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் கிடைக்கிறது, பழைய கம்ப்யூட்டரே போதும். கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து இரண்டு கன்ட்ரோலர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கீபோர்டில் இருவர் ஆடினால் விரல்தான் வலிக்கும். இணையம் வழியாக இருவர் ஆடும் வசதி கிடையாது, ஒரே அறையில் இருக்க வேண்டும்.

படத்தை அவனுக்குப் பத்து வயது ஆனபிறகுதான் காட்டினேன், அதுவும் முதல் படத்தை மட்டும். பாறை உருளும் இடத்தில் அவனுக்குக் கால் தானாக ஆடியது. அப்புறம் இண்டி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற காட்சி வந்தது, கீழே பாம்புகள். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "பந்தம் இருக்கு. பந்தத்தை முன்னால புடிச்சுக்கோ."