குப்பைக்குக் கூட்டு ஆணையம்: சேரலாமா, வேண்டாமா? (கேள்வி பதில்)

நம்ம நகராட்சி, சுற்றியுள்ள பேரூராட்சிகள், நெல்லை மாநகராட்சி எல்லாம் சேர்ந்து குப்பைக்கென்று ஒரு வட்டார ஆணையம் அமைக்கலாம் என்று பேச்சு. சேருவதா வேண்டாமா என்று அடுத்த மாதம் நகர்மன்றத்தில் தீர்மானம் வருகிறது. நான் துப்புரவு ஆய்வாளராகச் சேர்ந்து, முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, துப்புரவு அலுவலராக ஓய்வு பெற்றவன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. சேரணுமா, வேண்டாமா? (ரத வீதிக் கடைக்காரர்)

சேரலாம். ஆனால் பாதிக் குப்பையோடுதான் சேரணும். மக்கும் குப்பை நம்ம ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

காரணம் சொல்கிறேன். நாற்பதாயிரம் பேர் உள்ள ஊரில் ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் என்று வைத்தால் 12 டன் குப்பை. அதில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை: காய்கறிக் கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, கோயில் வாசலில் கழற்றிப் போட்ட மாலை, வாழைத்தார் மண்டியில் வெட்டிப் போட்ட காம்பு. வேலையில் இருந்தபோது ஒரு பங்குனி மாசம், சந்தைக் கழிவில் பத்துக் கிலோ நிறுத்து எடுத்து, கோணிச் சாக்கை விரித்துச் சிமென்ட் தரையில் பரப்பி வைத்தேன். நாலாம் நாள் அதே தராசில் போட்டால் இரண்டு கிலோவும் கொஞ்சமும்தான் இருந்தது. மற்றதெல்லாம் தண்ணீராக இருந்து காற்றோடு போய்விட்டது. கூட்டு ஆணையம் டன் கணக்கில்தான் கட்டணம் வாங்கும். தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை லாரியில் ஏற்றி, டீசலும் போட்டு, இறக்குவதற்குக் காசும் கொடுக்க வேண்டுமா?

ஈரக் குப்பையை உரமாக்க ஏக்கர் கணக்கில் இடம் வேண்டாம். வார்டு ஓரத்தில் நாலு தொட்டியோடு ஒரு நுண் உரக் கூடம், நாள் தவறாமல் கிளறிவிட இரண்டு ஆள் போதும். அங்கே வாசம் வந்தால் யாரோ பிளாஸ்டிக்கைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள், அல்லது கிளறவில்லை. இந்த இரண்டு காரணம் தவிர மூன்றாவது ஒன்றை நான் பார்த்ததில்லை.

அப்படின்னா மிச்சக் குப்பைக்கும் நாமே ஒரு கிடங்கு கட்டிக்கிடலாமே. எதுக்கு அடுத்தவன் தயவு?

அது முடியாது. ஊர்ப் பெருமைக்காகப் பேசினால் மாட்டிக்கொள்வோம்.

2016-ல் வந்து 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் பாருங்கள். நிலத்தில் புதைக்கும் கிடங்கு ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கணும். குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு எல்லாவற்றிலிருந்தும் 200 மீட்டர் விலகணும் என்றார்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்கே நின்றாலும் இங்கிட்டு ஒரு குளம், அங்கிட்டு ஒரு குளம். ஒன்று பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்தது நிறையும் ஊர் இது. இந்த நிலத்தில் நம்ம ஒரு நகராட்சிக்கு மட்டும் தோதாக இடம் எங்கே கிடைக்கும்?

இடம் கிடைத்தாலும் வெறும் பள்ளம் தோண்டினால் கிடங்கு ஆகாது. அடியில் களிமண் இறுக்கி, மேலே தடித்த விரிப்புப் போட்டு, ஊறி வரும் கருந்தண்ணீரைப் பிடிக்கக் குழாய் பதித்து, அதைச் சுத்திகரிக்கத் தொட்டி கட்டணும். 20, 25 வருஷத்துக்குத் தாங்கணும். நிறைந்து மூடிய பிறகும் 15 வருஷம் கண்காணிக்கணும். நம்ம ஊர் ஒன்றுக்காக இவ்வளவு பணம் போட்டுச் செய்ய ஏலாது. அதனால்தான் ஐந்து லட்சம் பேருக்குக் குறைந்த ஊர்கள் கூட்டாகக் கிடங்கு கட்டலாம், சுமார் 50 கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அதே விதி வழி வைத்திருந்தது. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியே ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. ஆகவே இது மாநகராட்சி நமக்குச் செய்யும் உபகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வீட்டு வரி கூடுமா?

வீட்டு வரி வேறு, குப்பைக் கட்டணம் வேறு. ஆணையத்துக்குக் கொடுக்கும் டன் கட்டணம் நகராட்சிப் பொது நிதியிலிருந்து போகும். அதில் துண்டு விழுந்தால் குப்பைக் கட்டணம்தான் ஏறும். ஈரக் குப்பையை இங்கேயே நிறுத்தினால் எடை பாதியாகும், கட்டணமும் பாதியாகும்.

எங்க தெருவுல செப்டிக் டேங்க் லாரி ராத்திரி ஓடையில தொறந்து விடுதான். என்ன செய்ய?

இது வேறு விஷயம். லாரி எண்ணைக் குறித்து, படம் எடுத்து, நகராட்சி ஆணையருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

ஐயா, நான் ராமையன்பட்டி மாநகராட்சிக் குப்பைக் கிடங்குக்கு மூணு கிலோமீட்டர்ல குடியிருக்கேன். தீப்பிடிச்சா கதவைச் சாத்தினாலும் புகை வந்திரும். எங்க அம்மாவுக்கு ஆஸ்துமா. நீங்க எல்லாம் சேர்ந்து இன்னும் குப்பையை இங்க கொண்டாந்து கொட்டத்தான போறீங்க?

தங்கச்சி, உங்கள் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லியிருக்கணும்.

அந்தத் தீ ஏன் பிடிக்கிறது என்று சொல்கிறேன். ஈரக் குப்பை காற்றில்லாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகும். கூடவே சூடும் ஏறும். மேலே காய்ந்த பிளாஸ்டிக் பை, துணி, தேங்காய் மட்டை. கோடையில் ஒரு பொறி போதும். மேலே தண்ணீர் அடித்து அணைத்தாலும் ஏழெட்டு அடி ஆழத்தில் கனன்றுகொண்டே இருக்கும். நான் ஒரு கிடங்கில் தீயணைத்த மறுநாள் ஜேசிபியை வைத்துத் தோண்டச் சொன்னேன். வாளி கிளறிய இடத்தில் கரி சிவப்பாக இருந்தது. உள்ளே சிக்கிய சைக்கிள் டியூப் ஒன்று கண் முன்னாலேயே உருகிச் சொட்டியது. பக்கத்தில் நின்ற பணியாளர் கையில் ஈரத் துண்டு ஒன்றுதான் இருந்தது, முகக்கவசம் இல்லை. அந்த நாளுக்கு நானும் பொறுப்புத்தான்.

கூட்டு என்று சேர்ந்து, பிரிக்காத குப்பையை ஒரே இடத்தில் குவித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சி பிரம்மபுரத்தைப் பார்த்தால் போதும். கொச்சி மாநகராட்சிக் குப்பையோடு சுற்றியிருந்த நகராட்சிகளின் குப்பையும் அங்கேதான் போனது. 2023 மார்ச் 2-ஆம் தேதி பிடித்த தீ பத்து நாளுக்கு மேல் புகைந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குப்பையைக் கொடுத்தது பல ஊர், புகையைத் தின்றது கிடங்கைச் சுற்றி இருந்தவர்கள்.

மக்கும் குப்பை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று நான் சொல்வது எங்கள் நகராட்சிக் கணக்குக்காக மட்டும் இல்லை, உங்கள் அம்மாவுக்காகவும்தான். விதிப்படி கிடங்குக்குள் போக வேண்டியது மக்காத, எரியாத, மறுபடி பயன்படாத கடைசிச் சக்கை மட்டும். அது மட்டும் வந்தால் அங்கே எரிய எதுவும் இருக்காது. பழைய குப்பை மலையைப் பயோமைனிங் செய்து (தோண்டிச் சலித்துப் பிரித்து) கரைத்து முடிக்காமல் புதிதாக ஒரு லாரியும் உள்ளே வரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கேளுங்கள். ஆணையம் அமைந்தால் அதன் குழுவில் கிடங்கைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் இடம் வேண்டும். அதற்கு நானும் உங்களோடு மனுக் கொடுக்க வருகிறேன்.

வட்டாரம்னு கதவைத் தொறந்து விட்டா கேரளாக் குப்பையும் உள்ள வந்திரும். 2024 டிசம்பர்ல என்ன நடந்துச்சுன்னு மறந்து போச்சா? (நடுக்கல்லூர்ப் பக்கத்துக்காரர்)

மறக்கவில்லை. கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கேரள மருத்துவமனைக் கழிவைக் கொட்டினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. ஆனால் அது வேறு சட்டம். மருத்துவக் கழிவுக்குத் தனி விதி, தனி நிலையம் உண்டு. சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது. நகராட்சிக் கூட்டு ஆணையத்துக்குள் அது வர வழியே இல்லை.

அதைத்தான் நானும் சொல்லுதேன். சம்பந்தமே இல்லாததை இழுத்து நல்ல திட்டத்தைக் கெடுக்காதீங்க. (கல்லூரி மாணவர்)

தம்பி, உங்க வீட்டுக் கிணத்துக்குப் பக்கத்துல ஊசியும் ரத்தப் பையும் கிடந்தா இப்படிப் பேசுவீங்களா? (நடுக்கல்லூர்ப் பக்கத்துக்காரர்)

மலையாளத்தான் லாரியை எல்லாம் செக்போஸ்ட்டுலேயே மறிக்கணும் அண்ணாச்சி. (வேறொருவர்)

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாவதாக வந்தவர் பேச்சு வேண்டாம். அந்த வழக்கில் கைதானவர்களில் நம்ம பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். இங்கே இடம் காட்டிவிட ஆள் இல்லாமல் ராத்திரியில் அந்த லாரி தடம் கண்டு வந்திருக்காது.

தம்பி, சட்டம் வேறு என்பது சரி. ஆனால் அவர் பயத்தைத் தள்ளாதீர்கள். அங்கே தவறியது என்ன? எந்த வண்டி, எங்கிருந்து, எவ்வளவு எடை, எங்கே இறக்கியது என்று ஒரு சீட்டுக்கூட யார் கையிலும் இல்லை. கூட்டு ஆணையத்திலும் இதே ஓட்டை விழலாம். ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில் பணம் என்றால், கட்டட இடிபாட்டை ஏற்றி எடை கூட்டுவதும் உண்டு, பாதி வழியில் ஓடையில் தட்டிவிட்டுக் கணக்கு எழுதுவதும் உண்டு. இரண்டையும் நான் கையோடு பிடித்திருக்கிறேன். ஆகவே நம்ம ஊரைவிட்டுக் கிளம்பும் இடத்தில் ஒரு எடை மேடை, இறங்கும் இடத்தில் ஒரு எடை மேடை, இரண்டு சீட்டும் ஒத்துப்போனால்தான் பணம் என்று எழுதணும். எடைச் சீட்டு இல்லாத ஆணையத்தில் சேரவே வேண்டாம்.

இது பற்றி இன்னும் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் இதுதான் பதில்.

சேர்ந்தா சொத்து வரி ஏறுமா சார்?

மேலே சொல்லிவிட்டேன்.

குப்பையை எரிச்சு கரண்ட் எடுக்கலாமே?

ஈரக் குப்பை எரியாது. எரிய வைக்க டீசல் ஊற்றணும். பிரித்த காய்ந்த பிளாஸ்டிக்கும் கந்தல் துணியும் எரியும். அதற்குச் சிமென்ட் ஆலைச் சூளை இருக்கிறது. எரிபொருளாக்கிய குப்பை கிடைக்கும் இடத்துக்கு 100 கிலோமீட்டருக்குள் உள்ள ஆலைகள் தங்கள் எரிபொருளில் ஐந்து சதவீதமாவது அதை எடுத்துக்கொள்ளணும் என்று 2016 விதி சொன்னது. தாழையூத்துச் சிமென்ட் ஆலை நமக்குக் கிட்டத்தான். ஆணையத்தால் உண்மையில் நமக்கு லாபம் இங்கேதான்: தனியாகப் போனால் நம்ம இரண்டு டன்னை எந்த ஆலையும் திரும்பிப் பார்க்காது. பத்து ஊர் சேர்ந்து காயவைத்துக் கட்டிக் கொடுத்தால் பேரம் பேசலாம். பாபநாசத்தில் பரிகாரக் குளியலுக்கு வருபவர்கள் ஆற்றில் விட்டுப் போகும் துணிகளுக்கும் இது ஒரு வழி. காய்ந்திருக்கணும், அவ்வளவுதான்.

நான் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஆணையம் வந்தா எங்க வேலை என்னாகும்?

அம்மா, வீடு வீடாக வாங்கும் வேலை ஊரைவிட்டு எங்கும் போகாது. ஆனால் யார் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் கொடுப்பது என்பது மாறலாம். இப்போது இருக்கும் வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். முதலாளி மாறும்போது பழைய வருஷங்கள் காணாமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தீர்மானத்தில் "இப்போதுள்ள பணியாளர்கள் பணிக்காலம் தொடரும்" என்று ஒரு வரி சேர்க்கும்படி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

வரி விஷயத்தைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

மூன்றாம் கேள்வியைப் படியுங்கள்.

ஒப்பந்தத்துல வேற என்ன பாக்கணும்? வரைவை எங்க வாங்குறது? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

டீச்சர், முதலில் "தினமும் குறைந்தது இத்தனை டன் தருவோம்" என்ற வாக்குறுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். நாம் குப்பையைக் குறைத்தாலும் குறையாத எடைக்குப் பணம் கட்ட வைக்கும் வாசகம் அது. அப்புறம், விலக நினைத்தால் எத்தனை மாத அறிவிப்பு. கிடங்கை மூடிய பின் 15 வருஷச் செலவு யார் தலையில். மழைநாளில் ஊறிய எடைக்குத் தள்ளுபடி உண்டா. ஐப்பசி மழையில் திறந்த வண்டியில் போகும் குப்பை எடையை நான் சொல்ல வேண்டாம்.

வரைவை நகராட்சி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு. தீர்மானம் அடுத்த மாதம் என்பதால் மனு இந்த வாரமே போகணும். எழுதி முடித்ததும் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.