கேளுங்கள், சொல்கிறேன்: கோடு போட்டது யார்?

கேள்வி: மனிதர்களுக்குள் மரபணுவில் பெரிய வித்தியாசமே இல்லை என்று அறிவியல் சொல்லிவிட்டது. அப்புறம் எதற்கு இன்னும் இனம், இனவெறி என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள்? பேச்சை விட்டாலே பிரச்சினை ஓய்ந்துவிடாதா?

பதில்: அறிவியல் சொன்னது சரிதான். மனிதர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே கிடக்கிறது என்று மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவான்டின் 1972-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆனால் மனிதர்களை இனம் இனமாகப் பிரித்துக் கோடு போட்டவர்கள் மரபணுவைப் பார்த்தா போட்டார்கள்?

அமெரிக்காவில் ஒரு காலத்தில், வந்து குடியேறியவர் குடியுரிமை கேட்டால் அவர் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். தாகாவோ ஒசாவா என்ற ஜப்பானியர் அங்கே உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜப்பானியர்களின் தோலும் வெளுப்புதானே என்பது அவர் வாதங்களில் ஒன்று. நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, வெள்ளையர் என்றால் 'காக்கேசியன்' (ஐரோப்பியர் உள்ளிட்டோருக்கு அன்றைய இனவியல் வைத்த பெயர்) இனத்தவர் என்று 1922 நவம்பரில் தள்ளுபடி செய்தார்கள். சரி, மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில் பகத் சிங் திண்டின் வழக்கு வந்தது. பஞ்சாபி, முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய இனவியல் புத்தகங்களின்படி நான் காக்கேசியன்தானே என்றார். ஒசாவா தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட், புத்தகம் எதையோ சொல்லட்டும், சாதாரண மனிதனின் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்கிற பொருளில் எழுதி அவரையும் அனுப்பிவிட்டார். அதோடு விட்டார்களா, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பிடுங்கவும் கிளம்பினார்கள். இந்தியர்களுக்குச் சட்டம் வழிவிட்டது 1946-இல்தான்.

கோடு பொய், அதனால் போனது பொய் இல்லை. பேச்சை விடச் சொல்பவர்கள் பெரும்பாலும் கோட்டுக்குச் சௌகரியமான பக்கத்தில் நிற்பவர்களாகவே இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: 'சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் அப்பு என்ற இந்தியக் கடைக்காரருக்கு வெள்ளைக்காரர் குரல் கொடுத்தது தவறா? நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே?

பதில்: நடிப்பு அதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அப்புவுக்குக் குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா திறமைசாலி. ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெகுகாலம் இந்தியர் என்றால் அந்த ஒரு கார்ட்டூன்தான், அந்த இழுவையான உச்சரிப்புதான். அங்கே வளர்ந்த இந்தியப் பிள்ளைகளைப் பள்ளியில் அதே குரலில் கேலி செய்திருக்கிறார்கள். ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவையாளர் 2017-இல் இதையே ஓர் ஆவணப்படமாக எடுத்தார். 2020-இல் அசாரியாவே இனி அந்தக் குரலைக் கொடுக்க மாட்டேன் என்று விலகிக்கொண்டார். திரையில் பத்து விதமான இந்தியர்கள் இருந்திருந்தால், பதினோராவதாக அப்புவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாமே சிரித்திருப்போம். யார் குரல் என்பதைவிட, வேறு யாருமே இல்லை என்பதுதான் உறுத்தியது. இனி அந்தந்த இனத்தவர்தான் அந்தந்தப் பாத்திரம் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டால் நான் ஒப்பமாட்டேன், அது இன்னொரு கோடு.

கேள்வி: அடுத்தவர் பண்பாட்டு உடையை, சிகையலங்காரத்தைப் பிடித்துப்போய்ச் செய்துகொண்டால் 'திருட்டு' என்கிறார்களே?

பதில்: பிடித்துப்போய்ச் செய்வதில் திருட்டு ஒன்றும் இல்லை. ஆனால் கறுப்பினப் பெண் பின்னல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் ஒழுங்கில்லை என்பார்கள், அதே பின்னலை வெள்ளை மாடல் போட்டால் புது ஃபேஷன் என்பார்கள். கோபம் அங்கேதான் வருகிறது. முடியை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2019-இல் கலிபோர்னியா சட்டமே போட வேண்டியிருந்தது, பாருங்கள்.

கேள்வி: என் மகன் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவன். 'எந்த ஊர்?' என்று யாராவது கேட்டால் எரிந்து விழுகிறான். சாதாரண விசாரிப்புக்கு ஏன் இவ்வளவு கோபம்?

பதில்: முதல் தடவை கேட்டால் விசாரிப்பு. அவன் பிறந்த ஊரைச் சொன்ன பிறகும், 'அது சரி, நிஜமா எந்த ஊர்?' என்று கேட்கிறார்களே, அதற்குத்தான் எரிகிறான். அவனைச் சமாதானப்படுத்த மெனக்கெடாதீர்கள். அப்புறம், வீட்டுக்கு வரும் அவன் நண்பர்களிடம் நீங்கள் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் இருந்தால் நல்லது.