ஆன்லைன் ரோல்பிளேயிங் கேமில் கிராஃப்டிங் (மூலப்பொருளிலிருந்து பொருள் செய்வது) செய்து நிஜமாகவே கோல்டு (கேமுக்குள் ஓடும் காசு) சேர்க்க முடியுமா? எந்தத் தொழிலை எடுப்பது?

முடியும். ஆனால் எந்தத் தொழில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டு இறங்கியதால்தான் நான் ஒரு மாதத்துக்கும் மேல் நஷ்டத்தில் ஓடினேன். நஷ்டம் என்று தெரியாமலே ஓடினேன் என்பது கூடுதல் விசேஷம்.

நான் அதிகம் ஆடுவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். ஹெர்பலிசமும் ஆல்கெமியும் எடுத்திருந்தேன். நானே இலை பறிப்பேன், நானே போஷன் என்கிற மருந்து காய்ச்சுவேன், இரவு ஆக்‌ஷன் ஹவுஸில் (கேமுக்குள் இருக்கும் ஏலச் சந்தை) போட்டுவிட்டுத் தூங்கப் போவேன். மறுநாள் மெயில்பாக்ஸைத் திறந்தால் கோல்டு குவிந்திருக்கும். மூலப்பொருளுக்குச் சல்லிக்காசு செலவில்லை, வந்ததெல்லாம் லாபம் என்று கில்டு (சேர்ந்து ஆடும் குழு) சாட்டில் பீற்றிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த ஒரு பழைய கை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, அந்த இலையை அப்படியே வித்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்?"

போய்ப் பார்த்தேன். கணக்கு புரிவதற்காக முழு எண்ணாகச் சொல்கிறேன். போஷன் ஒன்றுக்கு 5 இலை. இலை 40 கோல்டு என்றால் 200. நான் போஷன் விற்ற விலை 180. ஆக்‌ஷன் ஹவுஸ் 5% எடுத்துக்கொள்ளும், கைக்கு வந்தது 171. இலையாகவே விற்றிருந்தால் அதே 5% போக 190 வந்திருக்கும். ஆக, போஷன் காய்ச்சும் ஒவ்வொரு முறையும் 19 கோல்டை அடுப்பில் போட்டு எரித்திருக்கிறேன். 200 போஷனுக்கு 3,800. காய்ச்சிய நேரம் தனி.

விண்வெளிக் கப்பல் கேமான ஈவ் ஆன்லைன் ஆடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "நானே வெட்டியெடுத்த தாது, அதனால் எனக்கு இலவசம்" என்று புதிதாக வருகிறவர்கள் சொல்வது அங்கே ரொம்ப நாளைய கேலி. தாதுவுக்குச் சந்தை விலை ஒன்று இருக்கும்போது அதை நீங்கள் வெட்டினீர்களா வாங்கினீர்களா என்பது கணக்கில் வராது. கப்பல் கட்டி விற்பதில் லாபம் இருந்தால், தாதுவை விலைக்கு வாங்கிக் கட்டினாலும் லாபம் இருக்கும். வாங்கிக் கட்டினால் நஷ்டம் என்றால், வெட்டிக் கட்டினாலும் அதே நஷ்டம்தான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. பறிப்பது ஒரு தொழில், செய்வது ஒரு தொழில். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதுங்கள்.

சரி, செய்த பொருள் மூலப்பொருளை விட மலிவாக எப்படி இருக்க முடியும்? விற்கிறவர்களுக்கு மூளை இல்லையா? இருக்கிறது. அவர்கள் விற்க வந்தது போஷன் இல்லை, வாங்க வந்தது ஸ்கில் பாயிண்ட். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற கேமில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். கிராஃப்டிங் லெவல் ஏற்றுவதற்காகவே ஆயிரக்கணக்கில் செய்து அங்குள்ள சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவார்கள், கிடைத்தவரை மிச்சம் என்று. அவர்களுக்கு அந்த நஷ்டம் அனுபவப் புள்ளிக்குக் கொடுத்த விலை. அந்தக் கூட்டத்தோடு போட்டி போட்டுச் சம்பாதிக்க நினைத்தால் முதலுக்கே மோசம். ட்ரெயினரிடம் (தொழில் கற்றுத்தரும் கேம் பாத்திரம்) யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளக்கூடிய ரெசிபியையும், லெவல் ஏற்ற வழிகாட்டிகள் எல்லாம் சிபாரிசு செய்கிற ரெசிபியையும் விற்பனைக்குத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொரு பக்கம், எது ஓடும்? தீர்ந்துபோகிற பொருள். ஈவில் கப்பல் வெடித்தால் போனது போனதுதான், இன்னொன்று வாங்கியே ஆக வேண்டும். ஆல்பியன் ஆன்லைன் என்ற கேமில் ஆபத்தான பகுதியில் செத்தால் போட்டிருந்த உடைமை அத்தனையும் கைவிட்டுப் போகும், அதில் ஒரு பங்கு யாருக்கும் கிடைக்காமல் அழிந்தே போகும். அங்கெல்லாம் வாளும் கவசமும் செய்கிறவனுக்கு வேலை ஓயாது. வார்கிராஃப்டில் கவசம் அப்படி அழிவதில்லை, அதனால் அங்கே ஃபிளாஸ்க் (நீண்ட நேரம் பலம் கூட்டும் மருந்து), போஷன், புது கியர் (ஆயுதம், கவசம்) கிடைக்கும்போதெல்லாம் தேவைப்படுகிற என்சான்ட் (கியருக்குப் பலம் ஏற்றும் மந்திரம்), ஜெம் இவைதான் தினசரி ஓட்டம். ரெய்டுப் பரிசுகள் புதிதாகக் கிடைக்கத் தொடங்கும் வாராந்திர ரீசெட் வட அமெரிக்க சர்வர்களில் செவ்வாய், ஐரோப்பாவில் புதன். ரெய்டு (பெரிய அசுரர்களைக் கூட்டாக வீழ்த்துவது) கூட்டம் அதை ஒட்டித்தான் கூடும், கூடுவதற்கு முன்தான் வாங்கும். வார இறுதியில் விலை சரிந்ததைப் பார்த்து நானும் பதறி அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறேன். மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கலாம்.

இனி சொல்லப்போவதுதான் உண்மையில் பணம் இருக்கிற இடம். எந்த விளையாட்டிலும், எதை வரம்பில்லாமல் செய்ய முடியுமோ அதில் லாபம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும், யாராவது ஒருவர் ஒரு கோல்டு லாபம் போதும் என்று இரவெல்லாம் செய்து குவிப்பார். எதற்கு அளவு வைத்திருக்கிறார்களோ அதில்தான் லாபம் தங்கும். ஆல்பியனில் பிரீமியம் சந்தா வைத்திருந்தால் நாளுக்கு 10,000 ஃபோகஸ் புள்ளி வரும், 30,000-க்கு மேல் சேராது. அதைச் செலவழித்துச் செய்தால் மூலப்பொருளில் கணிசமான பகுதி திரும்பக் கிடைக்கும். வார்கிராஃப்டில் 2024-ல் வந்த 'தி வார் வித்தின்' எக்ஸ்பான்ஷன் (கேமின் பெரிய புதுப் பகுதி) கான்சன்ட்ரேஷன் என்று செலவழிக்கும் புள்ளி ஒன்றைக் கொண்டுவந்தது. உச்சம் 1,000, நாளுக்குச் சுமார் 250 நிரம்பும். அதைச் செலவழித்தால் உங்கள் பொருள் ஒரு தரம் மேலே ஏறும். ஃபிளாஸ்க் கீழ்த் தரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும், உச்சத் தரம் பறக்கும்.

பலரும் இங்கே சறுக்குவது, ஒரு பொருளுக்கு எவ்வளவு லாபம் என்று மட்டும் பார்ப்பதால். ஒரு வாளில் 1,500 கோல்டு லாபம், 500 கான்சன்ட்ரேஷன் செலவு என்று வையுங்கள். ஒரு முறை ஃபிளாஸ்க் காய்ச்சினால் 300 லாபம், 60 செலவு. வாள் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் வாளில் ஒரு புள்ளிக்கு 3 கோல்டு, ஃபிளாஸ்க்கில் 5. நான்கு நாள் நிரம்பிய 1,000 புள்ளியும் வாளுக்குப் போனால் 3,000, ஃபிளாஸ்க்குக்குப் போனால் கிட்டத்தட்ட 5,000. எல்லாப் பொருளையும் இப்படிப் புள்ளிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்த நாளில்தான் என் கையிருப்பு ஏறத் தொடங்கியது. நிரம்பி வழிய விடுவதும் நஷ்டமே, 1,000-ஐத் தொட்ட பிறகு ஊறுவதெல்லாம் வீண். கான்சன்ட்ரேஷன் ஒவ்வொரு கேரக்டருக்கும் தனி என்பதால் ஆல்ட் (கூடுதல்) கேரக்டர் வளர்த்தவர்களுக்கு யோகம். அது விளையாட்டா வேலையா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

விற்பதில் ஒரு சின்ன விஷயம். அண்டர்கட் போர் (அடுத்தவரை விடக் குறைத்துப் போடும் போட்டி) வேண்டாம். வார்கிராஃப்டில் 2020-ல் புதுப்பித்த ஆக்‌ஷன் ஹவுஸில், போஷன், இலை மாதிரி மொத்தச் சரக்கு ஒரே விலையில் கிடந்தால் கடைசியாகப் போட்டவருடையது முதலில் விற்கும். இருக்கிற விலைக்கே போட்டாலே நீங்கள்தான் முன்னால். குறைத்துப் போட்டால் உங்கள் லாபத்தை நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள். கேன்சல் செய்து கேன்சல் செய்து திரும்பப் போட்டால், போடும்போது கட்டிய டெபாசிட் போகும். ரூன்ஸ்கேப்பில் ஆடினால் விற்பனை வரியைக் கழிக்க மறக்காதீர்கள், 2021-ல் 1% என்று தொடங்கியதை 2025-ல் 2% ஆக்கினார்கள். மெல்லிய லாபத்தில் ஓடுகிற பொருளுக்கு இந்த ஒரு சதவீதமே உயிர்.

கையில் முதல் இல்லையா? 2022 இறுதியில் வார்கிராஃப்டில் வந்த கிராஃப்டிங் ஆர்டர் உங்களுக்குத்தான். வாடிக்கையாளர் மூலப்பொருளைக் கொடுத்துக் கூலியும் கொடுப்பார், செய்து தருவது மட்டும் நம் வேலை. சரக்குத் தேங்கும் பயம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கற்றவருக்கு ஆர்டர் வராது. ஸ்பெஷலைசேஷன் புள்ளிகளை ஒரே வகையில் கொட்டி, அந்த ஒன்றை மட்டும் உச்சத் தரத்தில் செய்கிறவரைத்தான் தேடி வருவார்கள்.

இப்படிச் சேர்த்த கோல்டை நிஜப் பணத்துக்கு வெளியே விற்கலாமா என்று யோசித்தால், விதிமீறல், அக்கவுண்டே போகும். வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கன் இருக்கிறது, கோல்டு கொடுத்து வாங்கிச் சந்தாவைக் கட்டிக்கொள்ளலாம். என் சந்தா பாதி மாதங்கள் அப்படித்தான் ஓடுகிறது.

எந்தத் தொழில் என்று கேட்டீர்கள். கேமின் பெயரைச் சொல்லவில்லை, அதனால் வார்கிராஃப்ட் என்றே வைத்துச் சொல்கிறேன்: ஆல்கெமி, இல்லையென்றால் என்சான்டிங். எதிலும் எக்ஸ்பான்ஷன் முடியப்போகிற நேரத்தில் சரக்கு வாங்கிக் குவிக்காதீர்கள். அடுத்தது வந்ததும் பழைய ஃபிளாஸ்க்கை நாய் கூடச் சீண்டாது. என் பேங்கில் அப்படி 400 கிடக்கின்றன, ஆக்‌ஷன் ஹவுஸில் போட்டால் டெபாசிட்டுக்குக் கூட ஆகாது.