சோக்கை விட்டால் நின்றுவிடும் எஞ்சின்

கேள்வி: நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்துகிறேன். முற்றத்துக் கற்களையும் படகையும் கழுவுவதற்காக வாங்கிய பெற்றோல் பிரஷர் வோஷரை மாரி தொடங்கியபோது அறையில் வைத்துவிட்டு, சித்திரையில்தான் வெளியே எடுத்தேன். சோக் போட்டிருக்கும்வரை ஓடுகிறது. சோக்கை விட்டதும் ஏறி இறங்கிச் சத்தமிட்டு நின்றுவிடுகிறது. புதிய பிளக் போட்டும் பயனில்லை. காபரேற்றரை மாற்ற வேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா, ஐயா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. சோக் காற்று வரும் வழியை மறைத்துக் கலவையில் பெற்றோலின் பங்கைக் கூட்டுகிறது. அதைப் போட்டிருக்கும்போது மட்டும் எஞ்சின் ஓடுகிறதென்றால், தீப்பொறி வருகிறது, அமுக்கமும் இருக்கிறது, பெற்றோல்தான் போதிய அளவு வந்து சேரவில்லை என்று பொருள். பிளக்கை மாற்றியும் குணம் தெரியாததற்குக் காரணம் இதுவே.

வடகீழ்ப் பருவமழை மாதங்கள் முழுவதும், காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் தேங்கிக் கிடந்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோக, எஞ்சியது பிசின்போல் இறுகி, பெற்றோலை அளந்துவிடும் ஜெற் என்ற சிறு பாகத்தின், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள துளையை அடைத்திருக்கும். கடலோரத்து ஈரக்காற்றால் தாங்கிக்குள் நீர் வடிந்திருந்தால், கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியும் படிந்திருக்கக் கூடும்.

முதலில் பழைய பெற்றோல் முழுவதையும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். இத்தகைய எஞ்சினுக்கு 92 ஒக்டேன் போதும். 95 ஊற்றுவதால் இந்தக் குறை தீராது. பிறகு காபரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, பெற்றோல் தடையின்றி ஒழுகுகிறதா என்று பாருங்கள். தாங்கியின் மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் ஒழுக்கு வேகம்பிடித்தால், மூடியிலுள்ள காற்றுத் துளைதான் அடைபட்டிருக்கிறது. அதைத் துப்புரவாக்கினால் வேலை முடிந்தது.

ஒழுக்கு சரியாக இருந்தால் காபரேற்றரைத் திறக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கின் வயரைக் கழற்றி, பெற்றோல் திறப்பை மூடி, நெருப்பு அண்டாத வெளியிடத்தில் இதைச் செய்யுங்கள். அடிக்கிண்ணத்தைத் தாங்கும் ஒற்றை ஆணியைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வந்துவிடும். நடுத்தண்டினுள்ளே தெரியும் பித்தளை ஜெற்றை, அதன் வெட்டில் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் கழற்றி, வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: வட்டமான, கூரிய விளிம்புள்ள வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். பிறை வடிவில் தெரிந்தாலோ, மங்கலாகத் தெரிந்தாலோ, உங்கள் குறை அங்கேதான் இருக்கிறது. ஜெற்றுக்கு மேலே, பக்கத் துளைகள் உள்ள சிறு குழாயும் கழன்று வரும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

துளைக்குள் தையல் ஊசியை நுழைப்பது பலரின் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உருக்கு ஊசி பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெருப்பித்துவிடும். அதன் பிறகு எஞ்சின் என்றென்றும் கூடுதல் பெற்றோலைக் குடித்துக் கரும்புகை கக்கும். காபரேற்றர் கழுவும் ஸ்பிரேயில் ஊறவைத்து, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையால் மெதுவாகத் துழாவி, ரயர் கடையில் காற்றடித்து வாங்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

இவ்வளவும் செய்தும் எஞ்சின் ஏறி இறங்கினால், காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கஸ்கற் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடு) வழியாகக் காற்று புகுகிறதா என்று பாருங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பிரிங்கை மட்டும் இழுத்துக் கட்டாதீர்கள். பம்ப் தாங்கக்கூடிய சுற்று வேகத்தை நிர்ணயிப்பது அதுதான். ஜெற் அமரும் இடம் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் கராஜ்காரர் சொன்னது சரி, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்த மாரிக்கு முன்னர், தண்ணீர்க் குழாயை இணைத்து நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெற்றோல் திறப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சியதையும் தாங்கியில் உள்ளதையும் வடித்துவிடுங்கள். நீரில்லாமல் ஓடினால் பம்பின் சீல்கள் கருகிவிடும்.

கேள்வி: வாகனம் கழுவும் எங்கள் இடத்தில், பெற்றோல் பிரஷர் வோஷரைச் சற்று நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது கயிறு இழுபடாமல் கையைப் பிய்க்கிறது. எஞ்சின் இறுகிப் பிடித்துவிட்டதா?
(வாசகர், கிண்ணியா)

பதில்: பெரும்பாலும் இல்லை. பம்பினுள் சிக்கிய அழுத்தத்துக்கு எதிராகத்தான் நீங்கள் இழுக்கிறீர்கள். நீர் பீச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தி நீரை வெளியேற்றிவிட்டு இழுத்தால் கயிறு இலகுவாக வரும். ஓடும் எஞ்சினில் விசையை விட்டுவிட்டு இரண்டு, மூன்று நிமிடங்களுக்கு மேல் நிற்பதையும் தவிருங்கள். அதே நீர் பம்புக்குள்ளேயே சுழன்று கடுமையாகச் சூடேறும்.

விசையை அழுத்தியும் கயிறு இறுகினால் ஒயில் அளவுகோலை எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணத்தால், கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை நிறுத்த வேண்டிய மிதவை ஊசி சரியாக மூடாமல் சிலிண்டருக்குள் பெற்றோல் இறங்கியிருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் துளைக்கு முகம் காட்டாமல், கயிற்றை மெல்ல இழுத்து அதை வெளியேற்றுங்கள். சிந்தியது உலரும்வரை பிளக் வயரை அருகே கொண்டுசெல்ல வேண்டாம். பழைய ஒயிலை முற்றாக வடித்துப் புதியதை ஊற்றி, ஊசியைச் சரிசெய்யும்வரை ஒவ்வொரு முறையும் வேலை முடிந்தவுடன் பெற்றோல் திறப்பை மூடிவையுங்கள்.